பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, யாரிடம் போவது? சேலம், ஏற்காடு பகுதிப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் மாதமே ஒரு மனு எழுதிவிடுவார்கள். "எங்கள் பள்ளிக் கட்டடம் பழுதடைந்துள்ளது, ஆவன செய்ய வேண்டுகிறோம்." திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சேலம் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொள்வார்கள். மனு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு இறங்கும். கடைசியில் "அறிக்கை அனுப்புக" என்ற குறிப்போடு அதே தலைமையாசிரியரின் மேசைக்கே வந்து சேரும். இரண்டு மாதம் போயிருக்கும், கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

மனுவில் ஒரு தப்பும் இல்லை, போன கதவுதான் தப்பு. பாடம் நடத்துவது கல்வித்துறை. கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. பணமும் அந்த வேறொருவர் வழியாகத்தான் வரும். அதனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது, கட்டடம் யார் கணக்கில் இருக்கிறது என்பதை.

கட்டடத்தின் சொந்தக்காரர்

பள்ளியின் பெயர்ப்பலகையே பாதி விடை. "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" அல்லது "நடுநிலைப் பள்ளி" என்றிருந்தால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். கட்டடங்களோ ஒன்றியத்திடமே நின்றுவிட்டன. குழப்பத்தின் வேர் இதுதான். சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள், 385 ஊராட்சிகள். ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்திலும் இரண்டு பி.டி.ஓ.க்கள் (வட்டார வளர்ச்சி அலுவலர்கள்) உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிக்கு. ஒன்றியப் பள்ளிக் கட்டடம் என்றால் வட்டார ஊராட்சி பி.டி.ஓ.விடம் போக வேண்டும். ஊராட்சிப் பணத்தில் குடிநீர்த் தொட்டியோ கழிப்பறையோ கேட்கிறீர்கள் என்றால் கிராம ஊராட்சி பி.டி.ஓ. இந்த இரண்டு மேசைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் கோப்புகள் ஏராளம். முகவரியில் பதவியை முழுசாக எழுதுங்கள்.

"அரசு உயர்நிலைப் பள்ளி", "அரசு மேல்நிலைப் பள்ளி" என்றால் பொதுப்பணித் துறை. பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் நபார்டு வங்கிக் கடனில் வரும். மாநகராட்சிப் பள்ளி என்றால் ஆணையர். சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள், 60 வார்டுகள். உங்கள் மண்டலத்துப் பொறியாளரிடம் தொடங்குங்கள். மலையில் "அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி" என்றிருந்தால் பழங்குடியினர் நலத்துறையிடம் போக வேண்டும். அந்தப் பள்ளிக்காக ஒன்றிய அலுவலகத்தில் காத்திருப்பது வீண். அரசு உதவி பெறும் பள்ளிக்குச் சம்பளம்தான் அரசு தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. ஏற்காட்டில் மிஷன் பள்ளிகள் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணும் பதிவேடும்

மலைப் பள்ளிகளில் பணம் வந்தும் திரும்பிப் போவதற்கு முக்கியக் காரணம் இடம். அந்தக் காலத்தில் எஸ்டேட்காரரோ ஊர்ப் பெரியவரோ வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் பள்ளி எழுந்திருக்கும். தானப் பத்திரம் இருக்காது. புதுக் கட்டடம் என்று வரும்போது, இடம் பள்ளி பெயரில் இருக்கிறதா என்ற கேள்வியில் எல்லாம் நின்றுவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேட்டு, அடங்கல், "அ" பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். தனியார் பெயரில் இருந்தால் கொடுத்தவரின் வாரிசுகள் ஊரில் இருக்கும்போதே பத்திரம் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த தலைமுறை பெங்களூரிலும் கோவையிலும் இருக்கும், பிடிக்க முடியாது.

இடம் வனத்துறைக் கணக்கில் இருந்தாலும் கைவிட வேண்டாம். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) பள்ளிக்கூடத்துக்கு வன நிலத்தைப் பயன்படுத்த வழி தருகிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இந்தப் பிரிவைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டால் மாவட்ட வன அலுவலரிடம் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

அடுத்து, தலைமையாசிரியரோடு உட்கார்ந்து எமிஸ் பதிவை, அதாவது கல்வித்துறை இணையத்தில் வைத்திருக்கும் பள்ளி விவரப் பதிவை, திறந்து பாருங்கள். ஒவ்வொரு வகுப்பறையும் நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பதிவாகியிருக்கும். பல ஆண்டுகளாக யாரும் மாற்றாமல் "நல்ல நிலை" என்றே கிடக்கும். மேலே இருப்பவர்கள் பட்டியல் எடுப்பது அந்தப் பதிவிலிருந்துதான். நீங்கள் பெரும் பழுது என்று மனு கொடுக்கிறீர்கள், பள்ளியின் சொந்தப் பதிவே அதை மறுக்கிறது என்றால் யார் பணம் தருவார்கள்?

பழுதை எப்படி எழுதுவது

"கட்டடம் மோசம்" என்பது ஓவர்சியருக்கு ஒன்றும் சொல்லாது. அளவு சொல்லுங்கள். எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை அடி நீளம், எவ்வளவு அகலம். விரிசல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், தேதியைச் சாக்பீஸில் சுவரிலேயே எழுதிவிட்டு எடுங்கள்.

விரிசலில் ஒரு சோதனை உண்டு. இரண்டு மூன்று அங்குல நீளக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலம் போய்ப் பாருங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், கோளாறு பெரும்பாலும் அடித்தளத்தில். ஏற்காட்டில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. சரிவை வெட்டித் தரை எடுக்கும்போது கட்டடத்தின் உள்பாதி வெட்டின கெட்டி மண்ணிலும், பள்ளத்துப் பக்கப் பாதி கொட்டி நிரப்பின மண்ணிலும் நிற்கும். கொட்டின மண் மழையில் இறங்கும், கெட்டி மண் இறங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். அதன்மேல் பூச்சும் பெயிண்ட்டும் அடிப்பது பணத்தைக் கரைப்பது. அங்கே தேவைப்படுவது தடுப்புச் சுவரும், தண்ணீரைத் திருப்பிவிடும் வடிகாலும். கண்ணாடி உடைந்த படத்தை மனுவோடு வைத்தால், "பூச்சு வேலை போதும்" என்று எழுத வந்த பொறியாளரும் யோசிப்பார்.

கான்கிரீட் கூரையை நீளக் கழியால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி. பொத்தென்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த அறையில் அன்றைக்கே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அறையைப் பூட்டுவதற்குத் தலைமையாசிரியரே போதும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கணக்கெடுப்புக்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

ஓட்டுக் கட்டடம் என்றால் ஓடுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குரங்கு உடைத்த ஓடுகளை மாற்றுவது சின்னச் செலவு. ஓட்டைத் தாங்கும் மரங்களான ரீப்பரும் கைமரமும் கரையான் பிடித்திருந்தால் அது வேறு எஸ்டிமேட்.

தீர்மானம்

பள்ளி மேலாண்மைக் குழு என்பது கல்வி உரிமைச் சட்டம் 2009 தந்த அமைப்பு. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். 2024 மறுகட்டமைப்பில் 24 பேர், முன்னாள் மாணவர்களும் உண்டு. சட்டத்தின் 22-ஆம் பிரிவு இந்தக் குழுதான் பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும் என்கிறது. அதனால் உங்கள் தீர்மானத்தை வெறும் வேண்டுகோளாக நினைக்க வேண்டாம், அது சட்டப்படியான ஆவணம். ஒரு தீர்மானத்துக்கு ஒரு வேலை மட்டும். பத்துக் கோரிக்கையை ஒன்றாகக் கட்டினால் பத்தும் பத்து மேசைக்குப் போக வேண்டியவை, ஒன்றும் நகராது. இப்படி எழுதலாம்:

"நாகலூர் ஊராட்சிக்கு உட்பட்ட இப்பள்ளியின் கிழக்கு வகுப்பறை (20 அடிக்கு 30 அடி, கான்கிரீட் கூரை) மேல்தளத்தில் நீர்க்கசிவும், தென்கிழக்கு மூலையில் 4 அடி நீளத்துக்குக் கம்பி தெரியும்படி கான்கிரீட் பெயர்ச்சியும் உள்ளது. 34 பிள்ளைகள் வராந்தாவில் படிக்கிறார்கள். பழுது நீக்க மதிப்பீடு தயாரிக்க ஒன்றியப் பொறியாளரை அனுப்புமாறு வட்டார வளர்ச்சி அலுவலரை (வட்டார ஊராட்சி) கேட்டுக்கொள்ள ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கவனியுங்கள், பணம் கேட்கவில்லை. பொறியாளரைக் கேட்டிருக்கிறோம். எஸ்டிமேட் இல்லாமல் எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாய் நகராது, அதனால் முதல் கோரிக்கை எப்போதும் எஸ்டிமேட்தான். தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் ஏற்றுவதோடு, கையெழுத்திட்ட நகலை ஒன்றிய அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. இவற்றில் அக்டோபர் 2-ஐத் தவறவிடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அந்தத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு, ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்தைச் செலவழிக்க முடியாது. ஜனவரியில் போய்க் கேட்டால் ஊராட்சிச் செயலர் கையை விரிப்பார், அவர்மேல் தப்பில்லை. 2025 ஜனவரி 5-ல் சேலம் மாவட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர், கவுன்சிலர் இல்லாத காலத்தில் கிராம சபைத் தீர்மானத்தின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

எந்தப் பணம் எதற்கு

பள்ளிக்கு நேரே வருவது பள்ளி மானியம். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குச் செலவாக வேண்டும். 86 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 25,000 வந்தால் 2,500 தூய்மைக்கு, மீதி 22,500. உடைந்த ஓடு, குழாய், சுவிட்ச், கரும்பலகை, கதவுக் கொண்டி எல்லாம் இதற்குள் அடங்கும். கூரை அடங்காது. கூரைக்காக இதைச் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், நிதியாண்டு முடிந்தால் செலவழிக்காதது போய்விடும். 2024-25-ல் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாமல் நின்றதையும் பார்த்தோம், இதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது.

ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியம் இரண்டு வகை. 15-ஆவது நிதிக்குழு காலத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது, 40 சதவீதம் கட்டற்றது. பள்ளிக் கழிப்பறை, கை கழுவும் தொட்டி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றை அந்தக் கட்டுப்படுத்தப்பட்ட பங்கில் கேளுங்கள். அங்கே போட்டி குறைவு. எல்லோரும் கட்டற்ற பணத்துக்குத்தான் ரோடு போடச் சொல்லி மோதுவார்கள்.

மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலிக்கிறார்கள். அது தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கில் நிற்கும். அம்மாபேட்டையில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குக் கட்டடம் கேட்பவர், "தொடக்கக் கல்வி நிதியிலிருந்து" என்று தலைப்பைக் குறிப்பிட்டே கேட்கலாம். அதே ரசீதில் வரும் நூலக வரி பள்ளிக்கு வராது, நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. வகுப்பறை, சுற்றுச்சுவர் இரண்டுக்கும் நல்ல வழி. இங்கே ஏற்காட்டுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் இல்லை, கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. மலை முழுக்கச் சேலம் மாவட்டம் என்பதால் சேலம் எம்.பி.யிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கள்ளக்குறிச்சி எம்.பி. அலுவலகத்துக்குக் கொடுங்கள். அதோடு, ஏற்காடு சட்டமன்றத் தொகுதி மலையோடு முடிவதில்லை. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளியும் அதே 3 கோடியில்தான் பங்கு கேட்கும். மலைப் பள்ளி முந்திக் கேட்க வேண்டும்.

நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். பழங்குடியினர், ஆதிதிராவிடர் குடியிருப்புப் பகுதி வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். 5 லட்சம் வேலைக்கு ஒரு லட்சம். ஐம்பது வீடு, முன்னாள் மாணவர்கள், பக்கத்து எஸ்டேட் சேர்ந்தால் எட்டக்கூடிய தொகை. முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை கேட்க, 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" தளமும் இருக்கிறது.

யாரும் நினைக்காதது, சுரங்கம் நடத்துபவர்கள் கட்டும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. 2024-இல் வந்த வழிகாட்டுதலின்படி சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி, 25 வரை மறைமுகப் பகுதி; 70 சதவீதம் முன்னுரிமைத் துறைகளுக்கு, அதில் கல்வியும் ஒன்று. மலையடிவாரப் பள்ளிகள் தூரத்தை வரைபடத்தில் அளந்து, கலெக்டருக்கு இந்தத் தலைப்பிலேயே எழுத வேண்டும்.

முழுப் புதுக் கட்டடம் என்றால் மாநிலத் திட்டங்கள்தான். ஒன்றியப் பள்ளிகளுக்குக் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம், பொதுவாகப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். இரண்டுக்கும் பெயர் மாவட்டப் பட்டியலில் ஏற வேண்டும். அந்தப் பட்டியல் எமிஸ் பதிவிலிருந்தும் ஒன்றியப் பொறியாளரின் அறிக்கையிலிருந்தும் வருகிறது, அதனால்தான் மேலே அவ்வளவு நேரம் அதைப் பேசினோம்.

எஸ்டிமேட்டிலிருந்து வேலை வரை

ஓவர்சியர் அளந்து போவார், உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு. டெண்டருக்கு 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. எஸ்டிமேட்டில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அனுமதித்த தொகை முழுவதும் வேலைக்கு வராது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தொழிலாளர் நலநிதி 1, இதரச் செலவு 2.5 என்று போனால் 5 லட்சத்தில் வேலை மதிப்பு ஏறக்குறைய 4.1 லட்சம்தான். "ஐந்து லட்சத்துக்கு இவ்வளவுதானா" என்று ஒப்பந்ததாரரிடம் சண்டைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள். இரண்டு, மலைக்கான கூடுதல் விகிதமும் ஏற்றிக் கொண்டுவரும் கூலியும் சேர்ந்திருக்கிறதா? எம்-சாண்டும் ஜல்லியும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், அதற்கப்புறம் லாரி போகாத ஊருக்குத் தலைச்சுமை. இதைச் சேர்க்காத எஸ்டிமேட்டுக்கு யாரும் டெண்டர் போட மாட்டார்கள். மூன்று முறை டெண்டர் விட்டும் ஆள் வரவில்லை என்று கோப்பு மூடப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

இடிக்க வேண்டிய பழைய கட்டடம் நின்றால் அதற்குத் தனிக் கோப்பு. பொறியாளரின் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்ற அறிக்கை, ஒன்றியத்தின் தீர்மானம், இடிக்க உத்தரவு, பழைய மரம் ஓடு கம்பிக்கு மதிப்பு போட்டு ஏலம். புதுக் கட்டட அனுமதி வந்த பிறகு தொடங்கினால் அந்த நிதியாண்டு அதிலேயே போய்விடும். ஊர்க்காரர்கள் தாங்களே இடித்துவிடக் கூடாது, அது அரசு சொத்து.

வேலை நடக்கும்போது

மலையில் வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதக் கோடை மழை, பிறகு தென்மேற்கு, அதன்பின் வடகிழக்கு என்று மழை விடாது. வேலை உத்தரவு அக்டோபரில் வந்தால் கூரை கான்கிரீட்டை ஜனவரிக்குத் தள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மார்ச் 31 நெருக்கத்தில் பில் போடுவதற்காக அவசரமாகப் போட்ட கான்கிரீட்தான் இரண்டே வருடத்தில் ஒழுகுகிறது.

குழுவில் ஒரு பெற்றோர் கான்கிரீட் போடும் நாளில் நிற்க வேண்டும். கொத்து வேலை தெரிந்த அப்பா ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். பார்க்க வேண்டியவை சில. எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவை, ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு ஒன்றரை மடங்கு மணல், மூன்று மடங்கு ஜல்லி; 50 கிலோ மூட்டை ஒன்றேகால் கன அடி. தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது 15 லிட்டர் வாளியில் இரண்டு. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கலவை ஓடுவதற்காகக் கூலிக்காரர் மூன்றாவது வாளியை ஊற்றும் இடத்தில்தான் கூரை கெடுகிறது. கம்பிக்கு அடியில் அதைத் தூக்கிப் பிடிக்கும் சின்னச் சிமெண்ட் கட்டையான கவர் பிளாக் இருக்கிறதா, கம்பி பலகையில் படுத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். படுத்திருந்தால் அந்தக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், நாம் முன்னால் தட்டிப் பார்த்தோமே அந்த வெற்றுச் சத்தம், அது இப்படித்தான் பிறக்கிறது. சாதாரண சிமெண்ட்டுக்கு ஏழு நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும். மலையில் குளிர் என்பதால் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், பலகையை அவசரமாகப் பிரிக்க விடாதீர்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைக் குழாய்கள் வைத்தார்களா என்றும் எண்ணுங்கள். அவை இல்லாத சுவரை முதல் பெருமழை தள்ளிவிடும்.

கோப்பு நின்றால்

ஆறு வாரம் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு. கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தத் தேதியில் கொடுத்த தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கை, கோப்பு எண், எஸ்டிமேட் நகல். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. 30 நாளில் நகல் வர வேண்டும், கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். திங்கட்கிழமை கலெக்டரிடம் போவது இந்தக் கோப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் வேலைக்கு ஆகும்.

வேலை முடிந்து பில் போகும் முன், பொறியாளர் வைத்திருக்கும் அளவுப் புத்தகத்தில் எழுதிய அளவையும் சுவரின் அளவையும் டேப் பிடித்து ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுதைச் சரிசெய்ய வேண்டிய காலம்) எத்தனை மாதம் என்று கேட்டு, முடியும் தேதியைத் தலைமையாசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் வரும் கடைசிப் பெருமழை அன்று, ஒருவர் குடையோடு போய் ஒவ்வொரு அறையின் கூரை மூலையையும் பார்த்துப் படம் எடுக்க வேண்டும்.